அதே சாக்ஸ், அதே கையில்

11 வயது மகளுக்கு ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல் போவது, அடங்காத துறுதுறுப்பு, அல்லது இரண்டுமே சேர்ந்து வரும் பிரச்சினை) இருக்கிறதா என்று பார்க்கும் மதிப்பீடு போன வாரம் முடிந்தது. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுத்துச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். இதற்கு அப்படி ஒரு சோதனையே கிடையாதாம். எல்லாம் கேள்விகள்தான். எனக்கு ஒரு படிவம், வகுப்பு ஆசிரியருக்கு ஒரு படிவம். கவனக்குறைவுக்கான 9 அறிகுறிகளில் குறைந்தது 6 இருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீட்டில் மட்டும் இருந்தால் போதாது, பள்ளியிலும் தெரிய வேண்டும். தூக்கம், காது, கண் பற்றியும் விசாரித்தார்கள். சரியாகத் தூங்காத பிள்ளைக்கும் கவனம் இப்படிச் சிதறுமே.

இவள் ஓடியாடிக் குதிக்கிற பிள்ளை இல்லை. அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு காலில் சாக்ஸ் மாட்டியிருப்பாள், இன்னொன்றைக் கையில் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பத்து நிமிடம் கழித்துப் போனாலும் அதே சாக்ஸ், அதே கையில். நான் கத்துவேன். அமைதியான பெண் பிள்ளைகளிடம் இது கண்ணில் படாமலே போய்விடுவது உண்டு என்று உளவியலாளர் சொன்னபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

"எதையாவது மறந்துட்டா எப்படிம்மா இருக்கும்?" என்று அவளிடம் கேட்டார்.

"அம்மா திட்டுவாங்கன்னு ஞாபகம் வரும். எதை மறந்தேன்னு மட்டும் வராது."

அறிக்கை வர இன்னும் இரண்டு வாரம் ஆகும். இன்று காலை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டாவது சாக்ஸையும் மாட்டிவிட்டு அவளாகவே எழுந்தாள்.