நன்கொடைக் கணினிகளும் ஒரு பொத்தான் பேட்டரியும்

வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கணினி கற்றுக்கொடுக்கலாம் என்று பேச்செடுத்தாலே, "எத்தனை கணினி வேண்டும்?" என்றுதான் நன்கொடையாளர்கள் முதலில் கேட்கிறார்கள். தன்னார்வலராகச் சில காலம் வகுப்பெடுத்த அனுபவத்தில் சொல்கிறேன், வாரந்தோறும் வந்து சொல்லிக்கொடுக்கப் போவது யார் என்பதை முடிவு செய்த பிறகுதான் அந்தக் கேள்விக்கே இடமுண்டு.

அமெரிக்கக் கணினித்துறைப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே 2005இல் அறிவித்த, பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் மிக அதிகமாக முதலீடு செய்த நாடுகளுள் பெருவும் ஒன்று. அங்குள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளியானபோது, பிள்ளைகளின் கணினிப் பயன்பாடு வெகுவாகக் கூடியிருந்தும் கணக்கிலோ மொழிப்பாடத்திலோ மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் ஓரளவு முன்னேற்றம் தென்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நமக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கணினிகள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதாலும், பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை என்பதாலும், இவற்றின் வரவு இனியும் கூடும் என்றே நினைக்கிறேன். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, விண்டோஸுக்குப் பதிலாக லுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால் அவை நன்றாகவே உழைக்கும். இணையம் இல்லாத இடத்தில், பிள்ளைகள் நிரலெழுதிப் பழகும் ஸ்கிராச்சையும், முன்பே இறக்கி வைத்த பக்கங்களைக் காட்டும் கிவிக்ஸ் செயலி வழியாக விக்கிப்பீடியாவையும் பயன்படுத்தலாம். ஆனால் கணினியின் உள்ளே மதர்போர்டு என்னும் முதன்மைச் சுற்றுப்பலகையில் இருந்து அதன் கடிகாரத்தை ஓடவைக்கும் மூன்று வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனால், கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும் என்பதால், தவறான தேதியில் அவை செல்லாது என்று சொல்லித் தளங்கள் திறக்க மறுக்கும். பிள்ளைகளோ "நெட் வரல சார்" என்பார்கள். பேட்டரியை மாற்றச் சில நிமிடங்கள் போதும். காரணம் தெரிந்தவர் அருகில் இல்லையென்றால் அந்தக் கணினி மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும். (கெட்டுப்போனதாகச் சொல்லி வந்த கணினிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.)

கணினி குறைவாக இருப்பதை நான் பெரிய குறையாகக் கருதுவதில்லை. இருவருக்கு ஒன்று என்றால் மவுஸைப் பிடித்தவர் விடமாட்டார் என்பது உண்மைதான். அதற்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிவிட்டால் போதும். கணினியே இல்லாமல் கணினி அறிவியலைக் கற்பிக்கும் முறையும் நியூசிலாந்தில் உருவாகிப் பல நாடுகளில் பரவியிருக்கிறது. 1, 2, 4, 8, 16 புள்ளிகள் போட்ட ஐந்து அட்டைகளை ஐந்து பிள்ளைகளிடம் கொடுத்து வரிசையாக நிற்க வைத்து, நான் சொல்லும் எண்ணுக்குத் தேவையான அட்டைகளை மட்டும் காட்டச் சொல்வேன். 31 வரை எந்த எண்ணும் வந்துவிடும். 32 கேட்டபோது சற்று விழித்தவர்கள், உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியை எழுப்பி ஆறாவதாக நிறுத்திவிட்டார்கள். அவள் அட்டையில் எத்தனை புள்ளி போட வேண்டும் என்றும் அவர்களே சொன்னார்கள்.

ஆகவே, புதிய கணினி வாங்கித் தர முன்வருவோரிடம் நான் கேட்பது, அந்தத் தொகையில் ஒரு பகுதியை ஆசிரியரின் போக்குவரத்துச் செலவுக்கும் பழுதுபார்ப்புக்கும் ஓராண்டுக்கேனும் ஒதுக்கித் தாருங்கள் என்பதே. இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள், ஏனென்றால் பழுதுபார்த்த ரசீதுடன் நின்று யாரும் படமெடுத்துக்கொள்வதில்லை.