கக்காவுக்குத்தான் காலம் எடுத்தது

மகனுக்குப் பகலில் பம்பஸ் போடுவதை நிறுத்துவோம் என்று தொடங்கியது சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு. அப்போது அவனுக்கு இரண்டரை வயது. அந்த மாதத்தைத் தெரிவு செய்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, வெயில்தான். சித்திரை, வைகாசியில் காலையில் தோய்த்துப் போட்டது மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் இந்த வேலையில் இறங்கினால் வீட்டுக்குள் கொடி கட்டி, ஈரக் காற்சட்டைகளுக்குக் கீழேதான் குடியிருக்க வேண்டும். தையில் முன்பள்ளியும் வருகிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் ஏறிய பம்பஸ் விலையும் பழைய இடத்துக்கு இறங்கின பாடில்லை.

மாமிக்கு நான் தொடங்கியதே பிந்தி என்று எண்ணம். "உன்ர மனுசன் ஒரு வயசிலயே பழகிட்டான் பிள்ளை" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார்! அந்தக் காலத்து முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலகையில் இருந்து இரண்டு காலையும் நீட்டி, பாதங்களுக்கு மேல் பிள்ளையை இருத்தி, கீழே பழைய பேப்பரை விரித்து, "சூ... சூ..." என்று சொல்லிக்கொண்டிருப்பது. பால் குடித்த கையோடு இருத்தினால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் ஒரு வயதில் பழகியது பிள்ளையா, நேரம் பார்த்து இருத்திய தாயா என்பது வேறு கதை. அடக்கவும் விடவும் தேவையான கட்டுப்பாடு பிள்ளைக்கு வரவே ஒன்றரை வயது சொச்சம் ஆகும். எங்கள் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் பார்க்கச் சொன்ன அறிகுறிகளும் வேறு: இரண்டு மணித்தியாலமாவது துணி நனையாமல் இருக்கிறானா, போன பிறகாவது சொல்கிறானா, காற்சட்டையைத் தானே இழுத்து இறக்குகிறானா. மூன்றும் இருந்தன.

சலம் கெதியாகவே பழகிவிட்டது. சீமெந்து நிலம், வாளி, பழைய சாரத்துணி, அவ்வளவுதான் செலவு. "சூ வருதா?" என்று கேட்டால் எப்போதும் "இல்லை"தான். அதனால் கேட்பதை விட்டுவிட்டு, நித்திரையால் எழும்பியதும், சாப்பிட்டதும், குளிக்க வார்க்க முன்னும் "வா, போயிட்டு வந்து விளையாடுவம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். கனடாவில் இருக்கிற மச்சாள் ஒவ்வொரு தரமும் ஒட்டுவதற்கென்று ஸ்ரிக்கர் அனுப்பியிருந்தார். அவை முழுக்க ஒரே நாளில் பிரிட்ஜ் கதவில் ஏறின. தகப்பன் பழக்கியதால் கிணற்றடி வாழையடியில் நின்று போவதில் அவனுக்கு ஒரு பெருமை. கொழும்பில் தொடர்மாடி வீடொன்றுக்குப் போனபோதுதான் சிக்கல். அங்கே வாழைக்கு எங்கே போவது?

கக்காதான் ஆளைப் படுத்தியது. சின்னப் பிள்ளைகள் இருந்து போகிற பொட்டியில் இருந்து சலம் போவான், கக்காவுக்கு மட்டும் இருக்க மாட்டான். தையல் மெசினுக்குப் பின்னால் போய் அதன் காலைப் பிடித்துக்கொண்டு, குதி நிலத்தில் படாமல் விரலில் எழும்பி, தொடை இரண்டையும் இறுக்கிச் சேர்த்து, முகம் சிவக்க நிற்பான். "பிள்ளை முக்கிறான், முக்கிறான்" என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்போம். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காமல் விளையாடப் போய்விடுவான். சில நாட்களில் காற்சட்டையில் கொஞ்சம் தண்ணீராகப் பட்டிருக்கும். அதை வயிற்றோட்டம் என்று நினைத்துப் பழம் கொடுப்பதை நிறுத்தச் சொன்னவர்களும் எங்கள் வீட்டில் உண்டு.

குழந்தை வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே வசனத்தில் சொன்னார்: "இவர் முக்கேல்ல அம்மா, அடக்கிறார்." ஒருதரம் இறுகிப் போய் நொந்திருக்கும். அந்தப் பயத்தில் அடுத்தமுறை வரும்போது அடக்குவான். உள்ளே நிற்க நிற்கக் குடல் அதில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், அது இன்னும் இறுகும், போகும்போது இன்னும் நோகும். நாள்பட்டால் மலக்குடல் இழுபட்டு, வருகிறது என்ற உணர்வே குறைந்துவிடும். இறுகி நிற்பதைச் சுற்றி ஒழுகி வருவதுதான் அந்தத் தண்ணீர்க் கறை.

அதற்குப் பிறகு பழக்குவதை ஒரு பக்கம் வைத்துவிட்டு வயிற்றைப் பார்த்தோம். மலத்தை இளக்குகிற லக்டுலோஸ் பாணி தந்தார். இளகிப் போகத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டாம், நோகாது என்று பிள்ளை நம்பும்வரை மாதக்கணக்கில்கூடக் கொடுக்க வேண்டி வரலாம், எப்போது குறைப்பது என்பதை நானே சொல்வேன் என்றார். போத்தலில் பால்மா குடிப்பதைக் குறைத்தேன். வயிறு பாலால் நிரம்பியிருந்தால் சோறு எங்கே இறங்கும்? பப்பாப்பழம், முருங்கையிலை வறை, சிவப்பரிசிப் புட்டு என்று மாறியது. அந்த நேரம் பார்த்துக் கறுத்தக்கொழும்பான் காலமும் வந்தது. மாம்பழம் என்றால் கெஞ்சத் தேவையில்லை.

பொட்டிப் பேச்சையே எடுக்கவில்லை. கக்கா என்றால் பம்பஸ் கேட்பான், போட்டுவிடுவேன். ஒரே நிபந்தனை, குளியலறைக்குள் நின்று போக வேண்டும். அது பழகியதும் பம்பஸோடு பொட்டியில் இருக்க வைத்தேன். பிறகு அதைத் தளர்த்திக் கட்டினேன். காலைச் சாப்பாடு முடிந்ததும்தான் இருத்துவது. இரைப்பை நிரம்பும்போது பெருங்குடல் அசையத் தொடங்கும் என்பது வைத்தியர் சொன்ன காரணம். பால் குடித்த கையோடு இருத்திய மாமி அதையே இவ்வளவு காலமும் செய்திருக்கிறார்! இருக்கிற விதமும் முக்கியம். கொமட்டில் ஏற்றிவிட்டால் கால் தொங்கும், முக்கவே முடியாது. எங்கள் குந்துகிற கக்கூஸில் முழங்கால் உயர்ந்து வழி நேராகும், ஆனால் சின்னப் பிள்ளைக்கு அந்தக் குழி பயம். பொட்டி பதிவாக இருப்பதால் பாதம் நிலத்தில் படுகிறது, முழங்காலும் மேலே நிற்கிறது. கொமட்டுக்கு இப்போது காலுக்குக் கீழே ஒரு பலகை வைத்திருக்கிறோம்.

பம்பஸ் இல்லாமல் முதல் தரம் போனபோது எழும்பித் திரும்பி உள்ளே நெடுநேரம் பார்த்தான். ஊற்றிவிட ஒத்துக்கொள்ளவே இல்லை. அப்பா வேலையால் வந்து பார்க்க வேண்டுமாம். ஒரே அழுகை. கடைசியில் மாமி போனில் படம் எடுத்துத் தன் மகனுக்கு அனுப்பிய பிறகுதான் ராற்றா காட்டி அனுப்பிவைத்தோம். அந்தப் படம் இன்னும் குடும்ப வாட்ஸப் குழுவில் கிடக்கிறது.

நல்லூர்த் திருவிழாவுக்குப் பம்பஸ் இல்லாமலே போய்வந்தோம், பையில் மாற்று உடுப்போடுதான். பயணம், தடிமன், வீட்டில் விருந்தாட்கள் என்றால் இப்போதும் இடைக்கிடை பின்வாங்குவான். அப்போது பாணியின் அளவைக் கொஞ்சம் கூட்டச் சொல்லியிருக்கிறார் வைத்தியர்.

இரவுக்கு மட்டும் பம்பஸ் தொடர்கிறது. இரவில் சலம் சுரப்பதைக் குறைக்கிற ஹோர்மோனும், சலப்பை நிறையும்போது எழும்புகிற தன்மையும் அதனதன் வயதில்தான் வரும், பழக்கி வருவதில்லை. ஐந்து வயதுவரை யோசிக்கவே தேவையில்லை என்கிறார்கள். மாமி நடுச்சாமத்தில் எழுப்பிப் பார்க்கிறேன் என்று நிற்கிறார். நான் ஓம் என்று சொல்லவில்லை. இப்போது மழையும் தொடங்கிவிட்டது, மெத்தை நனைந்தால் எங்கே காயப்போடுவது? பங்குனி வெயில் வரட்டும், பார்ப்போம்.