பாறை இடுக்கில் ஒரு ஞாயிறு

வேலூர் வெயிலுக்குப் பயந்து காலை ஆறு மணிக்கே கிளம்பி, ஊருக்கு வெளியே ஒரு மலை ஓடைக்குப் போனோம். சொட்டுத் தண்ணீர் இல்லை. சரி, அதுவும் நல்லதுதான். படுகை முழுசாகத் தெரிந்தது. யானை யானையாய் உருண்டைப் பாறைகள்.

"யார் மாமா இதையெல்லாம் உருட்டிவிட்டது?" என்றான் அக்கா மகன்.

யாரும் உருட்டவில்லை. பூமிக்கடியில் இறுகிய கிரானைட், மேலிருந்த பாரம் அரித்துப் போனதும் விரிசல் விட்டுக் கட்டி கட்டியாய்ப் பிரிந்தது. விரிசலில் மழைநீர் இறங்கியது. கட்டியின் மூலையை மட்டும் நீர் மூன்று பக்கமும் தாக்கும். அதனால் முதலில் உதிர்வது மூலைதான். மிஞ்சுவது உருண்டை. ஒன்றில் வெங்காயத் தோல் போல ஓர் ஏடு உரிந்து நின்றது. தட்டினால் பானைச் சத்தம்.

பாறையின் உடைந்த முகத்தில் இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார் கனிமம், கண்ணாடி போல வெங்கச்சங்கல், நடுவே மினுக்கும் காக்காப்பொன். இந்தப் பக்கத்துப் பாறைகள் பலவற்றுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. அதன்மேல் யாரோ சிவப்பு பெயிண்டில் இதயம் வரைந்து அம்பும் விட்டிருக்கிறார்கள்!

அப்புறம், படுகையில் உரல் மாதிரி ஒரு குழி. வெள்ளச் சுழலில் மாட்டிய கற்கள் சுற்றிச் சுற்றிக் குடைந்தது. கையை விட்டால் அடியில் மூன்று கூழாங்கற்கள். ஒன்றைப் பையன் டவுசர் பையில் போட்டுக்கொண்டான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.