அக்காவின் வீடும் அடுத்தவனின் நிலமும்

என் அக்கா இருப்பது போல்ற்றனில். மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர், ஆனால் திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் அவள் லண்டனில்தான் இருக்கிறாள். அவளும் அத்தானும் அங்கே வாங்கிய வீடு லீஸ்ஹோல்ட். நிலம் வேறொருவருடையது, அதில் குத்தகைக் காலம் முடியும்வரை இருக்கும் உரிமையைத்தான் பாங்கில் கடன் எடுத்து வாங்கியிருக்கிறார்கள். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தினால், "காணி இல்லாமல் என்னெண்டு பிள்ளை வீடு வாங்கினவள்?" என்று திருப்பிக் கேட்கிறார். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் ஃபிளாட் என்றால் இப்படி இருப்பது வழக்கம், ஆனால் வடமேற்குப் பக்கம் தனி வீடுகளும் வரிசை வீடுகளும்கூட ஏராளமாக 999 வருடக் குத்தகையில் நிற்கின்றன.

குத்தகைப் பத்திரத்தின் ஸ்கானை அக்கா வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். 1908 இல் தொடங்குகிறது. மங்கிப்போன சாய்வெழுத்து, சிவப்புக் கோட்டால் எல்லை போட்ட ஒரு சின்ன வரைபடம், வருட நிலவாடகை 4 பவுணும் சில்லறையும். 2907 வரைக்கும் கவலை இல்லை என்றுதான் அத்தான் இருந்தார், பின்பக்கச் சமையலறையை நீட்டிக் கட்டலாம் என்ற எண்ணம் வரும்வரை.

பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது: நிலத்துக்குச் சொந்தக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் கட்டிடத்தில் மாற்றம் செய்யக்கூடாது. அந்த நிலம் கைமாறிக் கைமாறி இப்போது ஒரு கம்பனியிடம் இருக்கிறது, சம்மதக் கடிதம் தருவதற்கு அவர்கள் கேட்டது சில நூறு பவுண். வருடம் 4 பவுண் தருகிற நிலத்தை ஏன் ஒருவன் வாங்கி வைத்திருக்கிறான் என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. வாடகையில் ஒன்றும் இல்லை, சம்மதத்தில் இருக்கிறது காசு. (சொல்ல மறந்தேன், அந்த நிலவாடகையையும் சட்டம் சொன்ன படிவத்தில் எழுதிக் கேட்டால்தான் கட்ட வேண்டும், 2002 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி.)

கொஞ்ச நாளில் அதே கம்பனியிடமிருந்து இன்னொரு கடிதம். பிரீஹோல்டையே, அதாவது நிலத்தையே, அக்காவுக்கு விற்கத் தயாராம். விலை ஆயிரக்கணக்கில், குறிப்பிட்ட திகதிக்குள் பதில் போடாவிட்டால் விலை கூடுமாம். ஆடித் தள்ளுபடி போல ஒரு அவசரம். அக்கா எனக்கு அனுப்பி "போடட்டா?" என்று கேட்டாள். நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் காணிக் கடதாசிகளோடு வளர்ந்தவன், சொந்தக்காரன் அவசரப்படுத்தினால் நிதானிக்க வேண்டும் என்ற அளவுக்குத் தெரியும். பொறு, முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

சட்டம் 1967 ஆம் ஆண்டிலிருந்தே அவள் பக்கம் நிற்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீண்ட குத்தகையில் வீடு வைத்திருப்பவர் முறைப்படி அறிவித்தல் கொடுத்தால், நிலச் சொந்தக்காரர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் விற்றே ஆக வேண்டும். முன்பு வீட்டை வாங்கி 2 வருடம் கழிய வேண்டும் என்று இருந்தது, 2024 இல் வந்த புதிய சட்டத்தின்படி 2025 ஜனவரி 31 முதல் அந்தக் காத்திருப்பும் இல்லை. விலைக்கும் கணக்கு உண்டு. இனி வரப்போகும் வாடகையின் இன்றைய பெறுமதி, அதோடு குத்தகை முடிந்து நிலம் திரும்பிப் போவதன் இன்றைய பெறுமதி. இன்னும் 880 வருடம் கழித்துக் கிடைக்கப்போகும் நிலத்துக்கு இன்று என்ன விலை? ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். வருடம் 6 வீத வட்டியில் 4 பவுண் கிடைக்க எவ்வளவு முதல் போட வேண்டும் என்று பார்த்தால், வாடகையின் பெறுமதி 67 பவுணுக்குள் முடிகிறது. குத்தகை முடியக் கிட்டிய வீடுகளுக்கு இப்படி வராது, அங்கே இரண்டாவது பகுதி பெரிதாக ஏறிவிடும், மதிப்பீட்டாளரை வைக்காமல் இறங்கக்கூடாது.

சரி, 67 பவுணோடு கதை முடியுமா? இல்லை. அறிவித்தல் எழுத அக்காவுக்கு ஒரு சொலிசிற்றர், அதற்கு மேல் கம்பனியின் நியாயமான சட்டச் செலவும் மதிப்பீட்டுச் செலவும் வாங்குபவர் தலையில். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அப்படி இருந்தும் கம்பனி கேட்ட தொகைக்குக் கிட்டவும் வரவில்லை. அறிவித்தல் போய்ச் சேர்ந்த பிறகு பதில் தர அவர்களுக்கு 2 மாதம். விலையில் ஒத்துவராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், இங்கே அந்த அளவுக்குப் போகவில்லை.

எனக்கு எரிச்சல் வந்தது விலையில் இல்லை, அவர்கள் அனுப்பிய விற்பனை உறுதிப் பத்திரத்தின் வரைவில். நிலத்தை விற்ற பிறகும் கட்டிட மாற்றத்துக்குத் தங்களிடம் சம்மதம் கேட்க வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு என்று நடுப்பக்கத்தில் ஒரு பந்தியைச் செருகி வைத்திருந்தார்கள். மாட்டை விற்றுவிட்டுக் கயிற்றைக் கையில் வைத்திருக்கிற வேலை. சொலிசிற்றர் வெட்டி அனுப்பினார், அவர்களும் சத்தம் போடாமல் ஒத்துக்கொண்டார்கள். இப்படி வாங்கப் போகிறவர்கள் விலையைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது அந்த வரைவுக்குக் கொடுங்கள். கடன் கொடுத்த பாங்கின் சம்மதமும் தேவை, அவர்களின் ஈடு குத்தகை உரிமையின் மேல்தானே இருக்கிறது. பிறகு காணிப் பதிவகத்தில் குத்தகையையும் நிலத்தையும் ஒன்றாக்கலாம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "எங்கட கன்னியாக் காணியும் இதுதானே" என்றார். கிட்டத்தட்ட. அது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணி, அதாவது அரசாங்க நிலத்தை அனுமதிப் பத்திரத்தில் தந்தது. கிணறு எங்களுடையது, மாமரம் எங்களுடையது, விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். பெர்மிட்டுக்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் கிடைத்தாலும் நிபந்தனைகள் முழுக்கப் போவதில்லை. 2024 இல் உறுமய என்ற திட்டத்தில் அரசாங்கம் முழு உரிமை உறுதி கொடுக்கத் தொடங்கியபோது எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் கடதாசி தேடினார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். அக்காவால் ஒரு அறிவித்தலைக் கொடுத்துச் சொந்தக்காரனை விற்க வைக்க முடிந்தது. எங்களால் விண்ணப்பம்தான் கொடுக்க முடியும், சொந்தக்காரன் அரசாங்கம்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று கிடக்கிறது. அப்பாவின் பெர்மிட்டில் பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்ற பெயர், இன்னும் பதியவில்லை. ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த பழைய ஒழுங்கை 2022 இல் திருத்தியிருக்கிறார்கள், ஆனாலும் பெயரைப் போட்டுவிட்டால் பிறகு இழுபறி இல்லை. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகக் கேட்டால், வெயில் தணியட்டும் என்கிறார். திருகோணமலையில் வெயில் எப்போது தணிவது.