பௌர்ணமியும் பெரிய அத்தையும்

காலையிலேயே அத்தை சொன்னார்: "டேய், இன்னைக்குப் பௌர்ணமி. கடல் பொங்கும்." மெரினாவில் ஒரு மீட்டர் ஏறினாலே பெரிய விஷயம், போங்கத்தை என்றேன். நாங்கள் இருந்ததோ பிரான்சில், சேன்மாலோவில். பிரெத்தாஞ் கரையில் இந்த ஊர்க் கடல் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி 12 மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். இதைப் பிறகு படித்தேன்.

மத்தியானம் கடல் உள்வாங்கியிருந்தது. கிரான் பே தீவுக்குக் கற்பாதையில் நடந்தே போனோம். கடலைப் பார்த்த முனையில் எழுத்தாளர் ஷதோபிரியானின் கல்லறை. பெயர்கூட இல்லை, வெறும் கல் சிலுவை. கடலும் காற்றும் மட்டும் காதில் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டு இங்கே படுத்திருக்கிறார், அதை மதியுங்கள் என்று பக்கத்தில் பலகை வேறு.

அத்தை அங்கேதான் தயிர்சாதத்தைப் பிரித்தார். முந்தின நாள் சாப்பிட்ட கறுப்புக் கோதுமை தோசையை, அதாவது கலெத்தை, இன்னும் மன்னிக்கவில்லை. "தொட்டுக்க ஒண்ணுமில்லாம ஒரு தோசையா?" சாப்பிட்டதும் கும்பகோணம் சின்ன அத்தைக்கு வீடியோ கால், ஸ்பீக்கரில். தம்பி மருமகள், பால் விலை, மாடித் தண்ணீர்த் தொட்டி என்று பேச்சு நீண்டது. நான் ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் பாதையைக் காணோம்!

மாட்டினால் தண்ணீரில் இறங்காதே, தீவிலேயே இரு என்பதுதான் இங்கே விதி. சுமார் ஆறு மணி நேரம். பேச்சை மாற்றலாம் என்று, 1746ல் சென்னப்பட்டணத்தைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே பிறந்தது இந்த ஊரில்தான் என்றேன். "இதை முதல்லயே சொல்லியிருந்தா வந்தே இருக்க மாட்டேன்" என்று அதையும் சின்ன அத்தைக்கு ஒலிபரப்பினார். பாவம் ஷதோபிரியான். 1848லிருந்து கேட்காத சங்கதியெல்லாம் கேட்டார்.

ஒன்பது மணிக்கு சார்ஜ் போயிற்று. கும்பகோணத்தில் அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. இங்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. அத்தை கொஞ்ச நேரம் செல்போனையே தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டார். அலை, காற்று, அவ்வளவுதான்.

"உங்க மாமாவும் இதத்தாண்டா கேட்டார்" என்றார் திடீரென்று. "டிவிய கொஞ்சம் நிறுத்தேன்னு."

பதினொன்றரைக்குப் பாதை தெரிந்தது. எனக்குக் கால் விறைத்துவிட்டது. அத்தை எழுந்திருக்கவில்லை.

"இருடா, என்ன அவசரம்."