ஒரே மூச்சில்

அக்டோபர் 9, திங்கள்

வாசலில் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது, அம்மா உள்ளே வந்துவிட்டாள். கழன்றதே தெரியவில்லையாம். மூன்று நாளாகப் பாதம் மதமதப்பாக இருக்கிறது என்று இப்போதுதான் சொல்கிறாள். "வயசாச்சுல்ல." 54 ஒரு வயசா?

அக்டோபர் 10, செவ்வாய்

கழிப்பறையில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. நானும் அண்ணனும் தூக்கினோம்.

அக்டோபர் 11, புதன்

டாக்டர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் அசையவே இல்லை. என் காலில் தட்டிப் பார்க்கச் சொன்னேன். துள்ளியது. தட்டிய சேதி தண்டுவடம் வரை போய், மூளையைக் கேட்காமலே அங்கிருந்து திரும்பிவிடுமாம். அம்மாவுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஜி.பி.எஸ். என்றார்கள். கில்லன் பாரே சிண்ட்ரோம் என்ற நரம்பு நோய்.

மூளைக்கு ஒன்றுமில்லை, தண்டுவடத்துக்கும் ஒன்றுமில்லை என்று இரண்டு முறை சொன்னார். அங்கிருந்து உடம்புக்குள் கிளம்பிப் போகும் நரம்புகளில்தான் கோளாறு. தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி, மூளையிலிருந்து 12 ஜோடி. நரம்பின் மேல் மயலின் என்று கொழுப்பு உறை. முழுக்க மூடியிருக்காது, சுமார் மில்லிமீட்டருக்கு ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்கும். சேதி இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போவதால்தான் கையில் விநாடிக்கு 50 மீட்டர் வேகம். எனக்கு அம்மா கட்டும் சரம்தான் கண்ணில் வந்தது. பூ, முடிச்சு, பூ, முடிச்சு. அவளுடைய எதிர்ப்பு சக்தியே அந்த உறையைப் பிய்க்கிறது. உறை போன இடத்தில் சேதி நின்றுவிடுகிறது. காலுக்குப் போகும் நரம்புதான் ரொம்ப நீளம், அடிபட அதில்தான் இடம் அதிகம். அதனால் பாதத்தில் ஆரம்பித்து மேலே ஏறுகிறது.

"நல்லா மூச்சு இழுத்து, ஒரே மூச்சுல எண்ணுங்கம்மா" என்றார். 24 வரை எண்ணினாள்.

அக்டோபர் 12, வியாழன்

17.

முதுகில் ஊசி குத்தி, தண்டுவடத்தைச் சுற்றி இருக்கும் நீரை எடுத்தார்கள். பார்க்க வெறும் தண்ணீர் போலத்தான் இருந்தது. புரதம் கூடியிருக்கிறது, செல்கள் கூடவில்லை. 1916இல் பிரெஞ்சு ராணுவத்தில் இரண்டு சிப்பாய்களிடம் இதையேதான் பார்த்திருக்கிறார்கள். எழுதியவர்கள் மூன்று பேர், கில்லன், பாரே, ஸ்ட்ரோல். நோயின் பெயரில் ஸ்ட்ரோலை விட்டுவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த மனிதருக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதம் மருந்தாக ஏறுகிறது. தினமும் கிலோவுக்கு 0.4 கிராம், 5 நாள். அம்மா 58 கிலோ. ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தது என்றதும், "யாரு பெத்த பிள்ளைகளோ" என்றாள். குரல் மூக்கால் வருகிறது.

அக்டோபர் 13, வெள்ளி

காலையில் 12. சாயங்காலம் 9.

மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது நரம்பிலிருந்து. அவ்வளவு தூரம் ஏறிவிட்டது. மூச்சுக்குக் குழாய் போடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "அடுப்பை அணைச்சியா?" என்று கேட்டாள்.

அக்டோபர் 15, ஞாயிறு

செப்டம்பர் கடைசியில் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. மூன்று நாள். நான் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அந்தக் கிருமியை அடிக்கக் கிளம்பிய எதிர்ப்பு சக்திதான், சாயல் ஒன்றாக இருப்பதால் நரம்பையும் அடிக்குமாம். கோழிக்கறியில் இருக்கும் கிருமி என்கிறார்கள். அந்த வாரக் கோழி நான் வாங்கி வந்தது. சரியாக வெந்ததா? நான்தான் அவசரப்படுத்தினேன். டாக்டரிடம் கேட்டேன். "அந்தக் கிருமி வந்தவங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான்மா இப்படி ஆகும், முன்கூட்டித் தெரியாது" என்றார். தலையாட்டினேன். அந்தக் கோழியை மறக்க முடியவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

சளி உறிஞ்சும்போது நாடி 48க்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் 130. வயிறு உப்பியிருக்கிறது, குடல் நகரவில்லை. நாம் கேட்காமலே இதயத்தையும் குடலையும் வேர்வையையும் பார்த்துக்கொள்ளும் நரம்புகளும் மாட்டிக்கொண்டன. இத்தனை வருடம் அவை பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன, நான் ஒரு நாள்கூட நினைத்ததில்லை.

அக்டோபர் 18, புதன்

பக்கத்துப் படுக்கைக்காரர், "சுயநினைவு இருக்கா?" என்று அம்மா காதுபடக் கேட்டார். எனக்குக் கோபத்தில் கை நடுங்கிவிட்டது. இருக்கிறது. முழுசாக இருக்கிறது. கேட்கிறாள், வலிக்கிறது, யோசிக்கிறாள். வெளியே சொல்லத்தான் வழியில்லை. இமை முழுக்க மூடவில்லை, ராத்திரியில் ஒட்டி விடுகிறார்கள். கண்மணி அசைகிறது. மேலே தூக்கினால் ஆமாம், கீழே என்றால் இல்லை. பலகையில் எழுத்தெழுத்தாகக் காட்டினேன். அரை மணி நேரத்தில் அவள் சொன்னது "கால் மடக்கு". அவ்வளவு நேரமும் கால் மடங்காமல் வலித்திருக்கிறது.

அக்டோபர் 20, வெள்ளி

மாற்றமில்லை. மோசமாகாததே நல்ல சேதி என்கிறார்கள்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. மல்லி விலை ஏறிவிட்டது. அம்மாவின் வாழைநார்க் கட்டுக்குச் சித்தி பொட்டு வைத்தாளாம்.

அக்டோபர் 25, புதன்

குழாயை எடுத்துவிட்டார்கள். "எண்ணும்மா" என்றேன், டாக்டருக்கு முன்னாலேயே.

8.

அக்டோபர் 29, ஞாயிறு

13. காப்பி கேட்டாள். கெட்டியாகக் கலந்து ஸ்பூனில் கொடுத்தோம், புரையேறவில்லை.

நவம்பர் 4, சனி

வலது கட்டைவிரல் வந்துவிட்டது! கீழிருந்து ஏறியது இப்போது மேலிருந்து இறங்குகிறது. முகம், தோள், கை. கால் கடைசியாகத்தான். உறை மட்டும் போயிருந்தால் சில வாரங்களில், மாதங்களில் திரும்ப வளருமாம். உள்ளே இருக்கும் இழையே அறுந்திருந்தால் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான். இடுப்பிலிருந்து பாதம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டேன். அப்புறம் தாளைக் கிழித்துப் போட்டேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. வார்டில் படுக்கைமேல் செய்தித்தாளை விரித்து நூறு மல்லி வைத்தேன். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரை ஒரு சுற்று, ஒரு இழுப்பு. அந்த இழுப்பு வரவில்லை. பூ நழுவி மடியில் விழுந்தது. முன்பு பார்க்காமலே, சித்தியோடு சண்டை போட்டுக்கொண்டே கட்டுவாள். இப்போது விரலையே முறைத்துப் பார்க்கிறாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. நான் கையை நீட்டினேன். "தொடாத" என்றாள். ஏழாவது தடவை ஒரு முடிச்சு நின்றது.

22.

நவம்பர் 14, செவ்வாய்

நாளை காலை 9 மணிக்கு மறுபடியும் நரம்புக் கடத்தல் சோதனை, நரம்பில் சேதி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது. தோலில் எண்ணெய், கிரீம் எதுவும் இருக்கக் கூடாது. சித்தியிடம் சொல்ல வேண்டும், தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்து விடுகிறாள்.