வெளியே விட்ட நெட்வொர்க்கைத் திரும்ப எடுத்தபோது

பல வருஷம் வெளி நிறுவனம் பார்த்துக்கொண்ட நெட்வொர்க்கையும் பாதுகாப்பையும் சொந்த ஐடி குழுவிடம் கொண்டுவரும்போது, முதலில் கேட்க வேண்டியது பாஸ்வேர்டு இல்லை. எது யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். உள்ளே வரும், வெளியே போகும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால் நம் ரேக்கில் இருக்கும்; அதன் லைசென்ஸ் அவர்களுடைய போர்ட்டல் கணக்கில் இருக்கும். டொமைன் அவர்களுடைய மெயில் ஐடியில் இருக்கும். எங்களிடம் நிலையான ஐபி வரும் இன்டர்நெட் லைன்கூட அவர்கள் பெயரில்தான் இருந்தது. ஆகவே ஒப்பந்தத்தை முடிக்கும் நோட்டீஸ் கொடுக்கும் முன்பே பெயர் மாற்றங்களை முடித்துவிட்டோம். நோட்டீஸுக்குப் பிறகு எந்தக் கோரிக்கையும் வேகமாக நகராது. டாட்காம் டொமைனில் உரிமையாளர் விவரத்தைத் திருத்தினால் பல ரிஜிஸ்ட்ரார்கள் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனங்கள்) அதை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாதபடி 60 நாள் பூட்டு போடுவார்கள். அதே ரிஜிஸ்ட்ராரில் நமக்கொரு கணக்கு திறந்து அதற்கு மாற்றிக்கொண்டால் இப்போதைக்குப் போதும்.

அடுத்து, கணினிகளையும் ஃபோன்களையும் நெட்வொர்க்கில் இணைக்கும் சுவிட்சுகள். கொடுக்கப்பட்ட வரைபடத்தை நம்பாமல், சுவிட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு ஒவ்வொரு ரேக்காகப் போவதுதான் சரி. பெரும்பாலான சிஸ்கோ சுவிட்சுகள் அந்த கேபிளில் 9600 பாட் வேகத்தில் பேசும். ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிகையும் (சுவிட்சின் அமைப்பு விவரம்) சேமித்த கான்ஃபிகையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வரை எதையும் ரீபூட் செய்யக் கூடாது. அவசரத்தில் ஒரு விலானை (நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பகுதி) சேர்த்துவிட்டு சேமிக்காமல் போயிருப்பார்கள். மாடி சுவிட்சில், பல விலான்களைச் சுமந்துபோகும் டிரங்க் போர்ட்டில் அப்படி ஒரு வரி விட்டுப்போயிருந்தால், அடுத்த மின்வெட்டில் அந்த மாடி ஃபோன்கள் எல்லாம் செத்துவிடும்; காரணம் தேட அரை நாள் போகும். ஒப்பிட்டு, சேமித்து, நகல் எடுத்த பிறகு ஆக்ஸிடைஸ்டு போன்ற, கான்ஃபிகை நகலெடுக்கும் கருவியை வைத்தால் தினசரி மாற்றங்கள் தானாகப் பதிவாகும்.

ஃபயர்வாலில் ஒருமுறைகூடப் பயன்படாத விதிகளை அழிக்கத் தோன்றும். அழிக்காமல் முடக்கி வையுங்கள். வருஷக் கடைசிக் கணக்குக்கு மட்டும் தேவைப்படும் விதி ஒன்றாவது இருக்கும்.

லாக் (சாதனங்களில் நடந்தவற்றின் பதிவு) விஷயத்தில் சட்டமே இருக்கிறது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பழைய லாக் அவர்களுடைய சர்வரில் இருந்தால், கடைசிப் பில்லைக் கொடுக்கும் முன்பே மூல வடிவில் வாங்கிவிடுங்கள். நாங்கள் லாக்குகளைக் கவனித்து எச்சரிக்கும் வாஸூ என்ற மென்பொருளை ஒரு மாதம் அவர்களுடைய கண்காணிப்புக்குப் பக்கத்திலேயே ஓடவிட்டு இரண்டு பக்க எச்சரிக்கைகளையும் ஒப்பிட்டோம். இரவுக் கண்காணிப்பை மட்டும் வெளியிலேயே விட்டோம். இரவு பகலாக நாமே பார்ப்பதென்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவருக்கு 48 மணி என்றாலே மூன்றரை ஆள், லீவையும் சேர்த்தால் ஐந்து பேர். இரண்டு பேர் குழு அதைத் தாங்காது.

அணுகலை வெட்டுவது கடைசி வேலை. அதற்கு முன் சொந்த அவசரக் கணக்கு இரண்டு உருவாக்கி, உண்மையிலேயே உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு விண்டோஸ் சர்வரின் செக்யூரிட்டி லாகிலும், ஒரு கணக்கு உள்ளே நுழைந்ததைக் குறிக்கும் 4624 என்ற நிகழ்வில் அவர்களுடைய இன்ஜினியர் கணக்கைத் தேடுங்கள். லாகான் (உள்நுழைவு) வகை 5 என்றால் ஏதோ ஒரு சர்வீஸ் அந்தக் கணக்கில் ஓடுகிறது. 4 என்றால் திட்டமிட்ட டாஸ்க். எங்கள் இரவு பேக்கப் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்காமல் கணக்கை முடக்கியிருந்தால் பேக்கப் நின்றதே தெரிந்திருக்காது.

முடக்குவதைச் செவ்வாய்க்கிழமை காலையில் செய்தோம், எல்லோரும் ஆபீஸில் இருக்கும் நேரம். கணினிகளில் இருந்த ரிமோட் ஏஜென்ட், விபிஎன் பயனர்கள், லினக்ஸ் சர்வர்களில் விட்டுப்போன எஸ்எஸ்ஹெச் சாவிகள் (தொலைவிலிருந்து நுழைய உதவுபவை), மைக்ரோசாஃப்ட் 365-இல் பார்ட்னர் உரிமை எல்லாம் அன்றே போயின. விண்டோஸ் டொமைனில் உள்நுழைவு டிக்கெட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் கேஆர்பிடிஜிடி என்ற கணக்கின் பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்ற வேண்டும். டிக்கெட்டின் ஆயுள் வழக்கமாக 10 மணி நேரம் என்பதால் இரண்டாவது முறையை மறுநாள் செய்தோம்.